அக்கா வீட்டுச் சுவரில் மாட்டிய கடிதம்

பஞ்சர் மெம்பரை அந்தத் தொகுதியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தேர்தலில் நிற்பதற்கு முன் இருபது வருஷம் டயருக்குப் பஞ்சர் ஒட்டியவர். ஜெயித்து நாடாளுமன்றத்துக்குப் போன பிறகும் பஞ்சர் பஞ்சர்தான். பின்னால் ஒரு மெம்பர் சேர்ந்துகொண்டது, அவ்வளவே. "காத்துப் போனவங்கதானே என்கிட்ட வர்றாங்க, பேரு சரியாத்தான் இருக்கு" என்று சிரிப்பார். அது முதல் தடவை ஜெயித்தபோது. மூன்றாம் தடவைக்குள் அந்தச் சிரிப்புக்கே காற்றுப் போய்விட்டது.

அம்மா வயிற்றில் பிறந்தது ஐந்து. இரண்டு தங்கவில்லை. மூத்தவள் அக்கா. நடுவில் ஓர் அண்ணன், கப்பலேறிப் போனவன், கடிதாசி போடுவதை நிறுத்தியே முப்பது வருஷம். கடைக்குட்டி இவர். அம்மா கண்ணை மூடியபோது இவருக்கு ஏழு வயது. அக்கா புருஷன் வீட்டுக்குப் போகும்போது ஒரு கையில் தையல் மிஷின் மூடியையும் மறு கையில் தம்பியையும் பிடித்துக்கொண்டு போனாள். அக்கா வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். "பொண்ணு கேட்டேன், கொசுறா ஒரு பையனும் வந்தான்" என்பார். அவர் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அக்கா ரயில் பாதை ஓரத்துத் தெருவில் அதே வீட்டில், அதே மிஷினில் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

மெம்பரின் வாரம் இரண்டாகக் கிழிந்து கிடந்தது. நாலு நாள் தலைநகரத்தில், மூன்று நாள் தொகுதியில். அங்கே நாட்டுக் கவலை, இங்கே சாக்கடைக் கவலை. அங்கே போனால் "உங்க ஊர் மாதிரிச் சின்ன விஷயத்தையெல்லாம் இங்க பேசாதீங்க" என்பார்கள். இங்கே வந்தால் "நாட்டையெல்லாம் அப்புறம் பாருங்க, எங்க குழாயில தண்ணி வரல" என்பார்கள். ரயிலில் தூங்கித் தூங்கி, வீட்டுக் கட்டில் ஆடவில்லையே என்று தூக்கம் வராத நிலைக்கு வந்துவிட்டார்.

திங்கட்கிழமை மனு வாங்கும் நாள். பழைய பஞ்சர் கடைதான் அலுவலகம். காற்றடிக்கும் மிஷின் நின்ற மூலையில் இப்போது பீரோ நிற்கிறது. ஆனாலும் மழை நாளில் பழைய ரப்பர் வாசனை எழும். மனைவியின் தம்பி, ஐம்பதைத் தாண்டிய ஆள், டோக்கன் கொடுத்து வரிசையை நகர்த்துவார்.

"மெம்பரய்யா, என் மகனுக்குத் துறைமுகத்துல ஒரு வேலை."

"துறைமுகத்துல யார்கிட்டய்யா சொல்றது? எனக்கு அங்க ஒரு நாயைக்கூடத் தெரியாது."

"நாயெல்லாம் வேண்டாங்க. ஒரு லெட்டர் குடுங்க, போதும்."

லெட்டர் கொடுப்பார். எல்லாருக்கும் கொடுப்பார். அதில்தான் ஒரு சூட்சுமம். சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும். பச்சை மையில் கையெழுத்திட்டால், இதை அவசியம் செய்து கொடு என்று அர்த்தம். நீல மை என்றால், வந்தவர் மனம் நோகாமல் அனுப்பியிருக்கிறேன், நீ கண்டுகொள்ளாதே என்று அர்த்தம். எந்தச் சட்டத்திலும் இல்லாத இந்தப் பாடத்தை முதல் வருஷமே ஒரு பழைய செயலாளர் அவர் காதில் ஓதினார். "எல்லாத்தையும் செய்னு சொன்னீங்கன்னா ஒண்ணும் நடக்காதுங்க. அதுக்காக வந்தவனை வெறுங்கையோட அனுப்பவும் முடியாது." எல்லா அலுவலகத்துக்கும் இது தெரியும். வரிசையில் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியாது.

அவருக்கும் ஒரே ஒரு காரியமாவது உருப்படியாகச் செய்தோம் என்று இருக்க வேண்டாமா? அதுதான் சரக்கு ரயிலுக்கு இரண்டாவது பாதை. லாரி கிடைக்காமல் தக்காளியும் வெங்காயமும் சாலையில் அழுகிப் போவதைக் கண்ணால் பார்த்தவர். நாலு வருஷம் அதற்கான குழுவில் உட்கார்ந்து, கெஞ்சி, சண்டை போட்டு, தொண்டை கட்டி, கடைசியில் வாங்கிவிட்டார். போர்வை அகலத்துக்கு ஒரு வரைபடத்தை விரித்து அதிகாரிகள் காட்டினார்கள். நாட்டின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அவர் கண் கலங்கியது. அந்தக் கோட்டின் தடிமனுக்குள் பதினோரு வீடு அடங்கியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு மாதமாக எட்டிப் பார்க்காத அக்காவைப் பார்க்கப் போனார். வாசல் சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் ஒன்பது என்று எழுதியிருந்தது.

"என்னக்கா இது, பரீட்சை நம்பர் மாதிரி?"

"அளக்க வந்தவங்க எழுதிட்டுப் போனது. ரயில் பாதைக்கு வீட்டை எடுக்கப்போறாங்களாம். எடுத்துக் கிழிச்சாங்க! நீ உள்ள வா, டீ ஆறுது."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"சொல்லாம? மேல பாரு."

மிஷினுக்கு மேலே சுவரில் ஒரு கடிதம், பிளாஸ்டிக் உறை போட்டு, நாலு மூலையிலும் ஆணியடித்து மாட்டியிருந்தது. அவருடைய கடிதம். 'இம்மனுவைப் பரிசீலித்து ஆவன செய்யவும்.' கீழே அவர் கையெழுத்து. நீல மை.

"அசலை ஆபீஸ்ல பார்த்துட்டு ஒரு காப்பி வச்சுக்கிட்டு, இதைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரிதான் வரிசையில நின்னா. அக்கான்னு சொல்லாதேன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். தம்பியா செய்ய வேண்டாம், மெம்பராவே செய்யட்டும்னு. என் கையெழுத்தை ஒன்பதாவதாத்தான் போட்டேன். நீ எப்படிடா கண்டுபிடிப்ப!" அக்காவுக்கு அதில் ஒரு பெருமை. "போன வாரம் விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் வந்துச்சு. தெருவுல ஒருத்தரும் போகல. தம்பி லெட்டர் குடுத்துட்டான், பொழப்பை விட்டுட்டு எதுக்கு அலையணும்னு நான்தான் எல்லாரையும் நிறுத்தினேன்."

அவர் டீயைக் கீழே வைத்தார். அந்தத் திங்கட்கிழமை அவருக்கு ஞாபகம் வந்தது. ரயிலை விட்டு இறங்கி முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்த நாள். நூற்றுப் பன்னிரண்டு டோக்கன். மனுவில் முதல் வரியைத்தான் படித்தார்: 'பாதையை மாற்றி அமைக்க.' பாதை ஓரத்தில் இருக்கிற எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள், ஒவ்வொரு தெருவுக்கும் வளைந்தால் ரயில் ஊர் போய்ச் சேருமா என்று நினைத்தார். கை தானாக நீலப் பேனாவுக்குப் போனது. களைப்பு பாதி, கணக்குப் பாதி. எது பாதி என்று இப்போது பிரிக்கவும் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை தலைநகர ரயிலை விட்டுவிட்டு நில எடுப்பு அதிகாரியிடம் போனார். அதிகாரி கோப்பைத் திறந்து காட்டினார்.

"நீலம்தானேங்கய்யா போட்டிருந்தீங்க? அதான் நான் மேல கொண்டு போகல."

"தப்பு என்னோடது. மறுபடி விசாரணை வைக்கணும்."

"தேதி முடிஞ்சு போச்சுங்கய்யா. திரும்பத் திறக்கணும்னா, வந்த மனு யார் தவறாலயோ பார்க்காம விடுபட்டுச்சுன்னு எழுத்துல வேணும்." அதிகாரி கதவு பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "தபால் பிரிக்கிற பெரியவர் ஒருத்தர் இருக்காரு. இன்னும் ரெண்டு வருஷத்துல ரிட்டையர்மென்ட். அவர் மேல போட்டுட்டா வலிக்காம முடிஞ்சிரும்."

"யாருக்கு வலிக்காம?"

மெம்பர் ஒரு வெள்ளைத்தாளை வாங்கினார். 'நிராகரிக்கும் நோக்கத்தோடு நானே நீல மையில் கையெழுத்திட்டு அனுப்பினேன். மனுவை முழுதாகப் படிக்கவில்லை. தவறு என்னுடையது.' அதிகாரி படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"ஐயா, இது வெளிய போனா பதினோரு வருஷத்து நீல லெட்டரையும் தூக்கிட்டு வருவாங்க."

"வரட்டும். எனக்கும் ரெண்டு பேனா சுமந்து சட்டைப் பை கிழிஞ்சு போச்சு."

சொன்னபடியே வந்தார்கள். முதல் ஆள், மகனுக்குத் துறைமுகத்தில் வேலை கேட்டவர். கடிதத்தை மேஜையில் வைத்து, "இது என்ன கலருங்க?" என்று மட்டும் கேட்டார். மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். "மாமா, ஊரே பேனாவைப் பார்த்துட்டு நிக்குது. உங்க மூஞ்சியை ஒருத்தனும் பார்க்கல."

"நல்லதாப் போச்சு. மூஞ்சி பார்க்கிற மாதிரியா இருக்கு?"

மறு விசாரணை நடந்தது. தெருவே போனது. அக்கா எல்லாருக்கும் முன்னால் நின்று பேசினாள். பின்பக்கத்தில் பாழடைந்து கிடக்கும் கிடங்கை எடுத்துக்கொண்டால் பாதையை நகர்த்தலாமே என்று விரலால் காட்டினாள். பொறியாளர்கள் மறுபடி அளந்தார்கள். நகர்த்தலாம், ஆனால் வளைவு அதற்கு மேல் தாங்காது. முதல் ஏழு வீடு தப்பித்தது. எட்டிலிருந்து பதினொன்று வரை போகும்.

அதைச் சொல்ல அவரே போனார். அக்கா சட்டைக் காலருக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும்வரை கத்திரி நிற்கவில்லை.

"வேற வழி இல்லையா?"

"இல்லக்கா."

"நீ மேல பேசி, பச்சையில ஒரு லெட்டர் போட்டா?"

பதினோரு வருஷமாக வாயில் வராத சொல், முதன்முதலாக அக்காவிடம்தானா வர வேண்டும்?

"முடியாதுக்கா. வளைச்சா ரயில் கவுந்துரும். எல்லாப் பக்கமும் கேட்டுட்டேன். முடியாது."

அக்கா கத்திரியைக் கீழே வைத்தாள். ஸ்டூல் மேல் ஏறி, சுவரிலிருந்த கடிதத்தை நாலு ஆணியும் பிடுங்கிக் கழற்றினாள். ஒரு நிமிஷம் கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு வெட்டி வைத்திருந்த காலர் துணியை அதன்மேல் வைத்து, சாக்குக்கட்டியால் சுற்றிக் கோடு போட்டு, கடிதத்தை உறையோடு காலர் அளவுக்கு வெட்டினாள்.

"அளவு வைக்கிற அட்டைக்கு நல்லா கெட்டியாத்தான் இருக்கு. புது வீட்டுக்குப் போனாலும் உதவும்."

அவர் கீழே விழுந்த ஆணிகளைப் பொறுக்கினார்.

"இதை நாலு மாசம் முன்னாடியே சொல்லியிருந்தா, அழுது முடிச்சு வேற வீடு பார்த்திருப்பேன்டா."

"தெரியும்க்கா."

"திங்கட்கிழமை எத்தனை பேர் வருவாங்க?"

"நூறுக்குக் குறையாது."

"எல்லார்கிட்டயும் இப்படியே சொல்லப் போறியா?"

"முடியாததுக்கு, ஆமா."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஏழு வயதில் கையைப் பிடித்துக் கூட்டி வந்தபோது பார்த்த அதே பார்வை.

"அப்ப உக்காந்து நல்லா சாப்பிட்டுட்டுப் போ. வெறும் வயித்துல அதைச் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு, தட்டு எடுக்க உள்ளே போனாள்.