பத்து லட்சத்து மூன்று

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், ஆம்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில் நடந்தது இது. என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஊரில் ஆண்களுக்குச் சீட்டு, கள் என்று எத்தனையோ பைத்தியம். இவருக்கு எண் பைத்தியம். சயரோகம் வந்து படுத்த பிறகும் அது விடவில்லை.

கடைசியாக அவரைப் பிடித்துக்கொண்டது பத்து லட்சத்து மூன்று. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாததைப் பகா எண் என்பார்கள். இது அப்படிப்பட்டதா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஆயிரத்துக்குட்பட்ட பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தால் போதுமாம்.

"வகுபடாதுன்னுதான் தோணுது. அத்த மட்டும் பாத்துட்டா போதும் எனக்கு" என்பார்.

அவரால் பலகை பிடிக்க முடியவில்லை. ஐந்தாவது வரை படித்த நான், அவர் படுத்தபடியே பார்க்கட்டும் என்று எதிர்ச்சுவரில் கரியால் வகுத்தேன். ஏழு, பதினொன்று, பதின்மூன்று, எதால் வகுத்தாலும் மீதி நான்கே வந்தது. தப்புப் போட்டுவிட்டேன் என்று அழித்தேன். அவர் இருமலோடு சிரித்தார். பத்து லட்சத்துக்கு ஒன்று குறைந்த எண் இந்த மூன்றாலும் வகுபடும், அதனால் மீதி நான்குதான் வரும் என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுவே கடைசி.

தொள்ளாயிரத்தைத் தாண்டி, சில எண்களே பாக்கி இருந்தபோது ஒரு காலையில் போய்விட்டார்.

சயரோகக்காரர் படுத்த அறைக்குக் காரியத்துக்கு முன்னால் வெள்ளையடித்தாக வேண்டும். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்த என் அப்பாவே தகர டின்னில் சுண்ணாம்பு கொண்டுவந்தார். மூன்று சுவர் முடிந்தது. கணக்கு இருந்த நாலாவது சுவரை மறித்து நின்றுகொண்டேன்.

"நோவு பட்ட செவுரும்மா. வுடக் கூடாது."

"அவரு கேட்டது இன்னும் முடியலப்பா. கொஞ்சம் இருங்க."

"பொண்ணுக்குப் புத்தி பேதலிச்சிப் போச்சி" என்று வெளியே ஒரு அத்தையின் குரல். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் வெள்ளையடிக்கும் மட்டையும் கையுமாக வாசற்படியில் நின்று ஒருவரையும் உள்ளே விடவில்லை. சுண்ணாம்பு அவர் முழங்கை வரை வழிந்து காய்ந்தது. நான் அழுதுகொண்டே வகுத்தேன். கடைசி எண் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. மீதி பன்னிரண்டு.

வகுபடவில்லை! "ஏங்க" என்று சந்தோஷத்தோடு திரும்பினேன். கட்டிலை எப்போதோ வெளியே போட்டுவிட்டிருந்தார்கள்.

"இன்னாம்மா, நல்ல சேதியா?" என்றார் அப்பா.

"ஆமாம்பா. அவரு சொன்னதுதான் சரி."

"மாப்ள இருந்து கேட்டிருக்கணும்" என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தச் சுவருக்கும் அடிக்கத் தொடங்கினார்.

பிணத்தை எடுத்தபோதுகூட எனக்கு அது முழுசாக உறைக்கவில்லை. நல்ல சேதியைச் சொல்ல ஆளில்லாமல் நின்ற அந்த நிமிஷத்தில்தான் அவர் இல்லை என்று தெரிந்தது, இன்றும் வீட்டில் ஏதாவது நல்லது நடந்தால் முதலில் எனக்கு அழுகைதான் வருகிறது.