கோழி வரைந்த தாள்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருக்கிறது. மருந்து வேன் எந்தக் கிழமை எந்த ஊருக்குப் போக வேண்டும் என்ற பட்டியல். அதன் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கோழி. வரைந்தவள் என் நாத்தனார்.

கள்ளக்குறிச்சியில் இருவரும் ஒரே அலுவலகத்தில் புரோகிராம் எழுதினோம். கல்வராயன் மலைக்குப் போகும் அந்த வேனுக்கு நாங்கள்தான் இணையதளம் செய்தோம். தரவுத்தளத்திடம் விவரம் கேட்கும் எஸ்க்யூஎல் வரிகளை நான் அந்தந்தப் பக்கத்தின் புரோகிராம் கோடுக்குள்ளேயே எழுதிவிடுவேன். எழுதியது என் கண்ணெதிரே இருக்க வேண்டும். அவளோ அவற்றைத் தரவுத்தளத்துக்குள் ஸ்டோர்டு ப்ரொசீஜராக ஒரே இடத்தில் வைத்து, பக்கங்கள் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்பாள். பஸ்ஸிலும் இந்தச் சண்டைதான், அடுப்படியிலும் இதே சண்டைதான். என் கணவர் காதில் வாங்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

சந்தை நாளில் மலை ஊர்களில் யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் அன்றைக்கு வேன் சந்தைக்கே போகட்டும் என்று முடிவானது. வேன் போகும் இடத்தைக் கேட்கும் வரிகளை நான் பக்கம் பக்கமாகத் தேடி மாற்றினேன். ஆறு பக்கம் முடித்த பெருமையில் டீ குடிக்கப் போனவள், ஓட்டுநருக்குத் தாள் அச்சடிக்கும் ஏழாவது பக்கத்தை மறந்தே போனேன்.

மறுநாள் சந்தை நாள். ஓட்டுநர் போன் செய்தார். "மேடம், ஊர்ல ஒருத்தரும் இல்லீங்க. கோழிதான் மேய்ஞ்சிக்கினு இருக்குது."

சர்க்கரை மாத்திரை தீர்ந்தவர்கள் சந்தையில் காத்திருப்பார்கள். விட்டால் இன்னும் ஒரு வாரம் மாத்திரை இல்லை. வண்டியை உடனே சந்தைக்குத் திருப்பச் சொன்னேன். போய்ச் சேர்ந்தபோது சந்தை கலைந்துகொண்டிருந்ததாம். ஒரு பெரியவர் சாமை மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, வேன் எப்படியும் வரும் என்று மற்றவர்களையும் நிறுத்தி வைத்திருந்தாராம். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாத்தனார் குத்திக்காட்டவில்லை. "இன்னா அண்ணி, ஏழு எடத்துல எழுதினா ஏழும் ஞாபகம் இருக்கணும்ல" என்றாள், அவ்வளவுதான். அன்றே எல்லாவற்றையும் ப்ரொசீஜருக்கு மாற்றினோம். நானும் லேசில் விடவில்லை. அதன் நகல் ஒன்று, மாற்றம் ஒவ்வொன்றும் பதிவாகும் எங்கள் புரோகிராம் கோடோடு சேர்ந்து இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் யார் எப்போது மாற்றினார்கள் என்றே தெரியாது என்றேன். ஒப்புக்கொண்டாள். பிறகு ஓட்டுநர் திருப்பிக் கொடுத்த தாளை வாங்கிக் கோழியை வரைந்தாள்.

இப்போது அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள். மழைக்காலத்தில் வேன் ஊருக்குள் போகாமல் சாலையோரப் பள்ளியில் நிற்கட்டும் என்று போன வாரம் புது உத்தரவு வந்தது. அவசரத்தில், பக்கத்திலேயே எழுதிவிடலாமா என்று கை போனது. கோழியைப் பார்த்தேன். ப்ரொசீஜரை மாற்றி, நகலும் வைத்துவிட்டு அவளுக்குப் போன் செய்தேன்.

"எத்தினி எடத்துல மாத்துனீங்க அண்ணி?"

"ஒரே எடத்துல."

சிரித்தாள். அப்படியானால் அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடலாமே என்றாள். நான் கண்ணாடியைத் துடைத்து வைத்தேன். கோழி அங்கேயே மேய்கிறது.