கோட்டுக்கு மேலே ஊற்றிய எண்ணெய்

ஐம்பதுகளின் கடைசியில் புதுக்கோட்டையில் ஒரு பட்டறையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். வாடகைக்கு உழப் போகும் வண்டி அது. அப்போதெல்லாம் ஏர் ஃபில்டர் என்று காகிதத்தில் எதுவும் கிடையாது. என்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் குடுவை இருக்கும், அதன் அடியில் எண்ணெய் ஊற்றிய கிண்ணம். என்ஜின் இழுக்கும் காற்று எண்ணெயில் பட்டுப் போகும்போது தூசி அங்கேயே தங்கிவிடும். பத்து மணி நேரம் ஓடினால் கிண்ணத்தைக் கழற்றிச் சேற்றை வழித்து, மண்ணெண்ணெயில் கழுவி, உள்ளே இருக்கும் கோடு வரைக்கும் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். புழுதிக்காடு என்றால் அரை நாளுக்கு ஒரு தரம். தவறினால் வண்டி கரும்புகை கக்கும், மேட்டில் இழுக்காது.

அந்தச் சித்திரையில் மீமிசல் போகும் பாதையில் ஒரு கண்மாய்க்குக் கீழே கோடை உழவுக்கு அனுப்பினார்கள். மூன்று வருஷம் தரிசாகக் கிடந்த புஞ்சை. நிலத்துக்காரி ஐம்பது வயதுக்கு மேலான அம்மாள், தனிக்கட்டை. ஊரில் எல்லோரும் ஆத்தா என்றார்கள், நானும் அப்படியே அழைத்தேன். அவர் புருஷன் இழுப்பு நோயில் இறந்த வருஷத்திலிருந்து அந்த நிலத்தில் ஏர் பூட்டவில்லை என்று சொன்னார்கள். கடைசி நாட்களில் வீட்டுக்குள் காற்றுப் போதவில்லை என்று கட்டிலை இங்கே கொண்டுவந்து போடச் சொன்னாராம். உயிர் போனதும் இங்கேதான்.

முதல் நாளே புழுதி என்னைப் படுத்தியது. நெற்றியில் பூசும் விபூதி மாதிரி அவ்வளவு நைஸான மண். மத்தியானத்துக்குள் கிண்ணத்து எண்ணெய் களியாகிவிட்டது. இரண்டாம் நாள் மதியம் கழுவும்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எண்ணெய் கூடுதலாக இருந்தால் தூசியும் கூடுதலாகப் பிடிக்கும், சாயங்காலம் இன்னொரு தரம் கழற்ற வேண்டியதில்லை. கோட்டைத் தாண்டி விளிம்பு வரைக்கும் ஊற்றினேன். சோம்பல்தான், வேறொன்றும் இல்லை.

இரண்டு சுற்று ஒழுங்காகப் போனது. மூன்றாவது சுற்றில் வரப்போரத்துச் சரிவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. என்ஜின் சத்தம் மாறியது. நான் வேகத்தைக் கூட்டவில்லை, அதுவாகக் கூட்டிக்கொண்டது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளினேன். அலறல் இன்னும் ஏறியது. நிறுத்தும் குமிழை முழுக்க வெளியே இழுத்தேன், நிற்கவில்லை. குதித்து இறங்கி டாங்குக்கு அடியில் டீசல் குழாயைத் திருகி மூடினேன். அப்போதும் நிற்கவில்லை. டீசலே போகாத என்ஜின், வண்டி உடம்பு முழுக்க நடுங்க, வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு ஓடியது. நட்ட நடு வெயில், சுற்றிலும் ஒரு காக்கை கூட இல்லை.

புகைக்கு அப்பால் வரப்பில் ஆத்தா நின்றிருந்தார். கஞ்சி கொண்டுவந்தவர். வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் உதடுகள் அசைந்தன. என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

காற்றை அடைத்தால்தான் உண்டு என்று அப்போதுதான் புத்தியில் பட்டது. தண்ணீர்ப் பானையில் சுற்றியிருந்த ஈரச்சாக்கை உருவிக்கொண்டு ஓடினேன். காற்றுக்குழாயின் தொப்பியைத் தட்டிவிட்டுச் சாக்கை வாயில் வைத்து அமுக்கினேன். குழாய் சாக்கை உள்ளே இழுத்தது. சாக்கோடு என் உள்ளங்கையையும் இழுத்தது. என்ஜின் இரண்டு தரம் இருமி நின்றது.

காது அடைத்துக்கொண்டது. ஆத்தா மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"டீசல மூடிட்டீங்கல்ல தம்பி? பெறகு எதக் குடிச்சுட்டு ஓடுச்சு?"

"என் தப்புதான் ஆத்தா. கிண்ணத்துல கூட ஊத்திட்டேன். வண்டி சாஞ்சதும் அந்த எண்ணெயையே உறிஞ்சிருச்சு."

அவர் தலையை ஆட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

"அவுக கடைசி மூணு நாளும் இப்படித்தான் இழுத்தாக. அதே சத்தம். போதும், நாந்தான் உழச் சொன்னேன், விடுங்கன்னு அவுககிட்ட சொன்னேன். நின்னுருச்சு."

"சாக்க வச்சு அடைச்சேன் ஆத்தா."

"நீங்க பானைகிட்ட இருக்கயிலயே நின்னுருச்சு தம்பி. நின்ன வண்டியிலதான் சாக்க வச்சு அமுக்கிக்கிட்டு நின்னீங்க."

என் உள்ளங்கையில் குழாய் வாயின் வட்டம் சிவப்பாகப் பதிந்திருந்தது. அதை அவரிடம் காட்டலாம் என்று நினைத்தேன், ஏனோ காட்டவில்லை. கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தேன். எண்ணெய் கோட்டுக்கு வெகு கீழே போயிருந்தது. எனக்கு அது போதுமான பதில். ஆனால் அவர் சொன்ன தொனியில் பொய் துளியும் இல்லை.

பட்டறைக்குச் சொல்லி அனுப்பினேன். மெக்கானிக் வந்து இரண்டு நாள் பிரித்துப் பார்த்தார். ஒன்றும் உடையவில்லை. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "கோடு எதுக்குப் போட்டிருக்கான்னு இப்பத் தெரிஞ்சுதா?" என்றதோடு விட்டுவிட்டார்.

மறுபடி உழப் போன அன்று, வண்டி நின்ற இடத்தைச் சுற்றி ஆத்தா நாலு கல் நட்டிருந்தார். ஒரு கட்டில் போடுகிற அளவு இடம்.

"இத விட்டுட்டு அங்கிட்டு உழுங்க தம்பி."

விட்டுவிட்டு உழுதேன். ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கற்களைத் தாண்டும்போது என்ஜின் சத்தம் கொஞ்சம் இறங்கியது. என் கைதான் தானாகக் குறைத்ததா என்று கவனிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மதியம் கிண்ணத்தைக் கழற்றினேன். அடியில் படிந்த சேற்றை வழித்து வரப்புக்கு அப்பால் எறியப் போனேன். ஆத்தா எழுந்து வந்து கையை நீட்டினார்.

"அத இங்கிட்டுக் குடுங்க. அவுக இழுத்த மண்ணு."

கையில் ஒரு உடைந்த சட்டி வைத்திருந்தார். அதில் வழித்துப் போட்டேன். சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய், நாலு கல்லுக்கு நடுவில் வைத்து, காற்றில் புழுதி விழாதபடி முந்தானையால் மறைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கோடு வரைக்கும் எண்ணெய் ஊற்றி, கிளிப்பை மாட்டி, வண்டியை எடுத்தேன்.