தலைக்கு மேலே ஜன்னல்

பேத்தியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். வெளியே சாரல் விழும் வாசனை வருகிறது. எட்டிப் பார்க்க வழியில்லை. ஜன்னல்களெல்லாம் தலைக்கு மேலே. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஐம்பதுகளில் தென்காசியில் நான் படித்த வகுப்பிலும் இதே உயரம்தான். பிள்ளைகள் மலையை வேடிக்கை பார்க்கக் கூடாதாம். ஆனால் கணக்கு தப்பினால் வாத்தியார், "ஏலே, பெஞ்சு மேல ஏறி நில்லு!" என்று கத்துவார். ஏறினால் குற்றாலத்து அருவி வெள்ளைக் கோடாகத் தெரியும். சாரல் தொடங்கியதும் வகுப்பே கணக்கைத் தப்பாகப் போட்டது.

சங்கரனுக்கு மட்டும் தப்பாது.

"ஏலே, அருவி விழுதா?" என்று கீழேயிருந்து கேட்பான்.

"நீயும் தப்பாப் போட்டுட்டு ஏறிப் பாரேன்லே."

"மாட்டேம்லே, எங்கய்யா கொன்னுருவாவ."

கடைசிவரை அவன் ஏறவேயில்லை. பெரிய இன்ஜினியர் ஆனான்.

இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பிளான் போட்டவன் அவன்தான்.