மூன்று சட்டியில் காய்ச்சிய மணல்

தொட்டிச் சுவரை உள்ளங்கையால் தடவியதும் யெஸ்ஸாவின் கை மாவில் விட்டதுபோல் வெளுத்தது. ஏணியின் கடைசிப் படியில் நின்றபடியே விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

இருபத்திரண்டு வருஷமாக ஜெர்பாத் தீவின் கடற்கரையில் ஒரு ஹோட்டல் சமையலறையில் மீன் பக்கம் நிற்கிறவள் அவள். எந்தக் குழம்பில் எவ்வளவு உப்பு என்று ஆவியிலேயே சொல்லிவிடுவாள். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, தகப்பன் விட்டுப்போன நிலத்தில் இரண்டு அறையும் முற்றமும், முற்றத்துக்கு அடியில் மழைத்தண்ணீர்த் தொட்டியுமாக வீடு கட்டிக்கொண்டிருந்தாள். அறைகள் குறையாக நின்றாலும் பரவாயில்லை, தொட்டி நிற்க வேண்டும். மழைக்காலத்தில் மாடியிலிருந்து இறங்குகிற தண்ணீர்தான் அடுத்த மழைக்காலம் வரைக்கும் குடிக்க. கிணற்றுத் தண்ணீரில் தேநீர் போட்டால் ஆடுகூடக் குடிக்காது. இப்போது ஆகஸ்டு முடிகிறது. மழைக்கு முன் தொட்டி சரியாகாவிட்டால் ஒரு வருஷம் போய்விடும்.

ஒப்பந்தக்காரன் மிஸ்பாஹை வரவழைத்தாள். கழுத்தில் துண்டும் காதில் பென்சிலுமாக வந்தவன் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான், இறங்கவில்லை.

"புதுப் பூச்சு அப்படித்தான் தங்கச்சி பூக்கும். தானா நின்னுடும்."

"கையில உப்பா உதிருது மேஸ்திரி. குவாரி மணல்னுதானே பேச்சு?"

"குவாரி மணல்தான். முப்பது வருஷமா கட்டுறேன். நீ மீனைக் கழுவு, சுவத்த என்கிட்ட விடு."

"மீனைக் கழுவுறவ நாக்குக்குத்தான் உப்பு தெரியும்."

அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, லியோன் நகரத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் அவள் தம்பி யூனிஸுக்கு அடித்தான். வேலை தொடங்கிய நாளிலிருந்தே இதுதான் வழக்கம். நிலம் அவளுடையது, சம்பளம் அவளுடையது, வெயிலில் நிற்கிறவளும் அவள்தான். ஆனால் கணக்கும் விளக்கமும் கடல் தாண்டியிருக்கிற ஆம்பிளைக்கு. மிஸ்பாஹ் போனைத் திருப்பி, நன்றாக இருந்த சுவர்களை மட்டும் காட்டினான்.

"அக்கா, அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்றான் யூனிஸ். "அனுபவப்பட்ட மனுஷன்கூட மல்லுக்கு நிக்காத."

"டேய், இது யாரு வீடு?"

"உன் வீடுதான், அதுக்காக..."

"அப்ப என்கிட்ட பேசச் சொல்லு."

மறுவாரம் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. இனி 'தானா நின்னுடும்' என்ற பேச்சு எடுபடாது. ஆகவே மிஸ்பாஹ் வேறொன்றைக் கண்டுபிடித்தான். தொட்டிக்குக் கண் பட்டுவிட்டதாம். யாருடைய கண் என்று அவன் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்துத் தொண்டையைச் செருமியது போதுமாக இருந்தது. அங்கே ஹல்லூமா இருந்தாள். கணவனை இழந்தவள், பிறவியிலேயே நீலக் கண். தெருவில் கழுதை நொண்டினாலும் பால் திரிந்தாலும் ஐம்பது வருஷமாக அந்தக் கண்ணுக்குத்தான் குற்றம். மேஸ்திரி மணலில் பண்ணிய மோசத்துக்குக் கூலி வாங்குவான். பழியை ஒரு கைம்பெண் சுமப்பாள். எவ்வளவு சௌகரியமான ஏற்பாடு!

"வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு ஒரு சேவல் அறுத்துடுவோம்," என்றான் மிஸ்பாஹ். "வாசல்ல மீன் வாலு ஒண்ணு கட்டு. நானே நாலு பெரியவங்களைக் கூட்டிட்டு வர்றேன். அப்புறமா பூசினா பூச்சு நிக்கும்."

"நாலு பேர் போதாது," என்றாள் யெஸ்ஸா. "நீங்க யாருக்கெல்லாம் வீடு கட்டுறீங்களோ அவங்க எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை எட்டுப் பேரோடும் தன் கொத்தனோடும் வந்தான். கால் கட்டிய செஞ்சேவல் அவன் கையிலேயே இருந்தது. முற்றத்தில் கத்தி இல்லை. மூன்று வாய் வைத்த காஸ் அடுப்பும், அதன்மேல் ஒரே அளவில் மூன்று சட்டிகளும் இருந்தன. பக்கத்தில் ஹல்லூமா போனைத் தூக்கிப் பிடித்து நின்றாள். அதற்குள் யூனிஸின் முகம்.

"என்ன தங்கச்சி, விருந்தா?"

"உட்காருங்க. மேஸ்திரி, அதோ உங்க மணல் குவியல். உங்க கையாலயே ஒரு வாளி அள்ளிட்டு வாங்க."

எட்டுப் பேர் பார்க்கிறார்கள். அள்ளினான். அதில் ஹல்லூமா வீட்டு மழைத்தண்ணீரை ஊற்றிக் கலக்கி, தெளியவிட்டு, துணியில் வடித்து ஒரு சட்டியில் ஊற்றினாள் யெஸ்ஸா. கட்டிக்கொண்டிருக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வாங்கிவந்த குவாரி மணலையும் அதேபோல் கழுவி இரண்டாவதில் ஊற்றினாள். மூன்றாவதில் வெறும் தண்ணீர்.

"அது எதுக்கு?" என்றார் ஹாஜி ஸுஹைர். மிஸ்பாஹ் அவர் மகனுக்கும் வீடு கட்டிக்கொண்டிருந்தான்.

"தண்ணியிலயே உப்பு இருந்துச்சுன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாதுல்ல."

அடுப்பைப் பற்றவைத்தாள். ஆண்கள் தேநீர் குடித்தார்கள், மழையைப் பற்றியும் படகுத்துறை நெரிசலைப் பற்றியும் பேசினார்கள். பேச்சு மெல்லக் குறைந்தது. தண்ணீர் வற்ற வற்ற எல்லார் கண்ணும் சட்டிகளுக்குப் போயிற்று. வெறும் தண்ணீர்ச் சட்டியில் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்து மணல் லேசான பழுப்புக் கறையை விட்டது. மிஸ்பாஹின் சட்டியில் வெள்ளை வெளேரென்று ஏடு கட்டி, வெடித்து, கற்கண்டுபோல் மின்னியது.

யெஸ்ஸா அதைச் சுரண்டித் தட்டில் வைத்தாள். பக்கத்தில் அவித்த முட்டை ஒன்றை உரித்து வைத்தாள்.

"தொட்டுச் சாப்பிடுங்க மேஸ்திரி. ஹல்லூமா கண்ணு எவ்வளவு கரிக்குதுன்னு பார்ப்போம்."

ஒருத்தர் குபுக்கென்று சிரித்துவிட்டார். மிஸ்பாஹ் சுதாரித்தான். "கடல் காத்துல பறந்து வந்து படிஞ்ச உப்பு இது."

"பள்ளிக்கூடம் கடலுக்கு இன்னும் கிட்ட இருக்கு. காத்து அந்தக் குவியலை மட்டும் சுத்திக்கிட்டுப் போச்சாக்கும்?"

அப்போது கொத்தன் லஸ்ஹர் எழுந்தான். மிஸ்பாஹிடம் ஆறு வருஷமாகக் கரணை பிடிக்கிறவன். "காத்து கொண்டுவரல அக்கா. நாங்கதான் கொண்டுவந்தோம். பொழுது விடியறதுக்குள்ள, டிராக்டர்ல, கடற்கரையிலிருந்து." மிஸ்பாஹ் முறைத்தான். லஸ்ஹர் தலையைக் குனியவில்லை. "எத்தன நாளைக்கு நான் பூசின சுவரை நானே ஒளிஞ்சு ஒளிஞ்சு பார்த்துட்டுப் போறது?"

ஹாஜி ஸுஹைர் தேநீர் டம்ளரைத் தரையில் வைத்தார். "என் மகன் வீட்டுக்கும் இதே மணலா மிஸ்பாஹ்?"

"எல்லாரும் இதத்தானே ஹாஜி..."

"நான் எல்லாரையும் கேக்கல. உன்னைக் கேக்குறேன்."

இன்னும் மூன்று பேர் எழுந்து நின்றார்கள். ஒரு பெண் தனியாகச் சொன்னபோது அது புலம்பல்; நாலு பேர் கேட்டபோது அதே விஷயம் நியாயமாகிவிட்டது. யெஸ்ஸாவுக்கு அது உறைத்தது. ஆனாலும் கிடைத்த நியாயத்தை வேண்டாமென்று சொல்ல அவள் பைத்தியமில்லை. தொட்டியைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசித் தருவதாக மிஸ்பாஹ் எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டான்.

"மேஸ்திரி," என்றது போன். யூனிஸ் தொண்டையைக் கனைத்தான். "இனிமே எதுன்னாலும் அக்காகிட்டயே பேசிடுங்க."

சேவலின் கால்கட்டை ஹல்லூமாதான் அவிழ்த்துவிட்டாள். அவளை யாரும் நேராகப் பார்க்கவில்லை. போகும்போது ஹாஜி மட்டும் நின்று, "தண்ணி கொடுத்ததுக்கு நன்றிம்மா" என்றார். ஐம்பது வருஷத்துக்கு அது சொற்பம்தான்.

செப்டம்பர் முழுவதும் வேலை நடந்தது. பழைய பூச்சைக் கல் தெரியும்வரை கொத்தினார்கள். லாரி ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வாளி மணலை யெஸ்ஸா காய்ச்சிப் பார்த்த பிறகுதான் லஸ்ஹர் கலவை குழைத்தான். கடைசிப் பூச்சு அக்டோபர் முதல் வாரத்தில் முடிந்தது. அது முடிந்த இரண்டாம் நாள் மத்தியானம், வடக்கே திடீரென்று இருட்டிக்கொண்டு மழை கொட்டியது.

யெஸ்ஸா விளக்குமாற்றோடு மாடிக்கு ஓடினாள். முதல் மழை மாடியைக் கழுவத்தான். அதைத் தொட்டிக்குள் யாரும் விடுவதில்லை. துணியைப் பந்தாகச் சுருட்டித் தொட்டிக் குழாயின் வாயை அடைத்தாள். தூசியும் பறவை எச்சமும் மறு குழாய் வழியாகத் தெருவுக்கு ஓடின. கீழே பார்த்தால் மிஸ்பாஹ் தார்ப்பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறான்.

"தொட்டி மூடியை இறுக்கினியா? தண்ணி இறங்கினா பூச்சு போச்சு! மூணாவது தடவை நான் பூச மாட்டேன்!"

"அப்ப நல்லா மூடுங்க!"

அவன் முட்டி போட்டு மூடியின்மேல் தார்ப்பாயை விரித்தான். நனைந்து தொப்பலாகியிருந்தான்.

"போதுமா தங்கச்சி?"

"அந்த மூலை தூக்கிக்கிட்டு நிக்குது. கல்லு வைங்க."

வைத்தான். பக்கத்து மாடியில் ஹல்லூமா தன் குழாய்க்குத் துணியைத் திணித்துக்கொண்டே கத்தினாள்: "யெஸ்ஸா! மழைக்காலம் தொடங்கிடுச்சு! பத்து நாள்ல அடுத்தது வந்துடும்!"

"வரட்டும்!" என்றாள் யெஸ்ஸா. "பத்து நாள் போதும், பூச்சு காஞ்சிடும்." மாடியின் கடைசி மூலையிலிருந்த மண்ணையும் தெருவுக்குத் தள்ளினாள்.