நாசிருக்கென்று ஒரு கழிப்பறை

போன வாரம் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு பேரங்காடியின் கழிப்பறைக்குப் போனேன். வழுவழுப்பான தரை, சுவரில் எலுமிச்சை மணம் தெளிக்கும் சின்னப் பெட்டி. கூட வந்த தங்கை, "வாசமா இருக்கு லா, அக்கா" என்றாள். நானோ மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். இவளுக்கு வயதாகிவிட்டது என்று சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் காப்பார் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் எனக்கு முதல் வேலை. கிள்ளானில் பஸ் பிடித்து, இறங்கி, செம்பனை மரங்களுக்கு நடுவே நடந்து போய்ச் சேர்வதற்குள் சேலைக் கரையெல்லாம் சேறாகிவிடும். ஆனாலும் குழந்தை உளவியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் என்ற மிதப்பு குறையாது.

பிள்ளைகளுக்கு அங்கே இரண்டு கழிப்பறைகள். கதவு பாதிதான் இருக்கும், தண்ணீர் வராது. உள்ளே நெளிவதைப் பார்த்தால் பசியாறியதெல்லாம் வெளியே வந்துவிடும். பையன்கள் செம்பனைக்குள் ஓடிவிடுவார்கள். பெண்பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் மதியம்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாவதாகவும் ஒன்று இருந்தது. எலுமிச்சை வாசனைப் பினாயில், புதுச் சோப்பு, வெள்ளைத் துண்டு. பள்ளியைச் சோதிக்க வரும் அதிகாரியை நாசிர் என்போம்; அவருக்காக அது பூட்டியே கிடக்கும். அவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் அதிசயம். மற்ற நாளெல்லாம் ஆசிரியர்கள் நாங்கள்தான் போய்வருவோம். சாவி என் கைப்பையில் இருந்தது.

ஆறாம் வகுப்பு சரோஜா கணக்கில் புலி. நாசிர் வரும் நாளில் எழுந்து பதில் சொல்ல அவளைத்தான் தலைமையாசிரியர் தயார் செய்திருந்தார். அன்று காலை என்னிடம் வந்து நெளிந்தாள்.

"டீச்சர், ரொம்ப அவசரம். அந்த சாவிய குடுங்க டீச்சர்."

"அழுக்காக்கிட்டா யாரு கழுவறது? நாசிர் வர்ற நேரம். கொஞ்சம் அடக்கிக்கோ."

சொன்னது நான்தான். இந்த வாயால்தான்.

நாசிர் வந்தார். கறிபாப்பும் தேநீரும் முடித்து எங்கள் வகுப்புக்கு வர வெகுநேரம் ஆயிற்று. சரோஜா எழுந்தாள், பதில் சொல்ல வாயெடுத்தாள். நீலச் சீருடை நனைந்து, காலில் போட்டிருந்த சப்பாத்து வழியாகத் தரையெல்லாம் ஓடியது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் போனதும், "ஸ்கூல் மானத்தயே வாங்கிட்டியே!" என்று தலைமையாசிரியர் அவள் கையிலேயே துணியைக் கொடுத்துத் துடைக்க வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நாசிர் அன்றைக்கு அந்தக் கழிப்பறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு வாரமாக அவள் வராததால் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை.

"புள்ள இனிமே வராது டீச்சர். என்னோட காட்டு வேலைக்கு வரேங்குது. சாவி ஒங்க கையிலதான இருந்துச்சி?"

அன்று என்னை நினைத்து அருவருத்த அளவுக்கு அந்த நாற்றம் பிடித்த கழிப்பறைகளைப் பார்த்துக்கூட நான் அருவருத்ததில்லை. அப்போதும் என்ன செய்தேன் தெரியுமா? "வேற பள்ளிக்கு மாறிட்டாள்னு எழுதிடுங்க, கேள்வி வராது" என்று தலைமையாசிரியர் பதிவேட்டை நீட்டினார். முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

இப்போது அங்கே தோட்டமும் இல்லை, லயமும் இல்லை. கிடங்குகளுக்கு லோரிகள் போகின்றன. குடும்பங்கள் எங்கெங்கோ சிதறிவிட்டன. சரோஜாவைப் பற்றிச் சொல்ல அந்த வட்டாரத்தில் ஒருவரும் இல்லை. எங்கள் பள்ளிக்கு வேறிடத்தில் கட்டிய புதுக் கட்டடத்துக்குப் போய்க் கேட்டேன். ஓர் இளம் ஆசிரியை பழைய பதிவேட்டைத் தேடி எடுத்துப் புரட்டினாள்.

"வேற ஸ்கூலுக்கு மாறிட்டாங்கன்னு போட்டிருக்கு டீச்சர். கணக்குல எல்லாம் ஏ! நல்லா படிச்சி பெரிய ஆளா வந்திருப்பாங்க லா."

ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.