அவள் பெயருக்குக் கீழே

நாவலூர் மாலில் ஒரு சின்னக் கடை. கண்ணாடிக் கட்டிக்குள் லேசரால் முகம் பதித்துத் தருகிறார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். "யாருக்கு சார் கிஃப்ட்? ரெண்டு பேர் போட்டோ குடுத்தா சேர்த்தே போட்டுடலாம்" என்றாள் கடைப்பெண். "சும்மா பார்த்தேம்மா" என்றேன். அவள் கண்ணாடி துடைத்த ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறிவிட்டது.

தாம்பரத்தில் நான் வேலை பார்த்த ஆய்வகம் முழுக்க இதே வாடைதான். நானும் என்னோடு வேலை பார்த்த ஸ்டெல்லாவும் சம்பளம் வாங்கிக்கொண்டு கண்ணாடியைக் கெடுத்தோம். சிரிக்காதீர்கள், அதுதான் வேலை. சாதாரண வெளிச்சம் கண்ணாடியைத் தாண்டிப் போய்விடும், அதற்கு ஒன்றும் ஆகாது. லேசர் வெளிச்சத்தை நினைத்துப் பார்க்க முடியாத அளவு குட்டி நேரத் துடிப்பாகச் சுருக்கி நடுவில் குவித்தால், சூடு பக்கத்தில் பரவுவதற்குள் அந்தப் புள்ளி மட்டும் உள்ளுக்குள்ளேயே உடைந்து வெள்ளையாகும். மேலே தடவினால் வழவழவென்றுதான் இருக்கும். பவரைக் குறைத்தால் வெள்ளைகூடத் தெரியாது. ஆனால் கண்ணாடி மாறியிருக்கும், அது மைக்ரோஸ்கோப்புக்கு மட்டும் தெரியும்.

நான் லேசரை விடுவேன், அவள் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பாள். "புள்ளி விழுந்துடுச்சு." இல்லாவிட்டால், "ஒண்ணும் இல்லப்பா, இன்னும் கொஞ்சம் ஏத்து." நாள் முழுக்க எங்கள் பேச்சு அவ்வளவுதான். அந்த அசட்டு வயதில் எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

வேலையை விட்டுப் போகிறவர் பெயரை, மிஞ்சிய கண்ணாடித் துண்டுக்குள் எழுதிக் கொடுப்பது எங்கள் வழக்கம். ஸ்டெல்லாவுக்குப் புனேயில் வேலை கிடைத்தபோது எழுத வேண்டியவன் நான். அவள் பெயரைப் பளிச்சென்று எழுதினேன். அதன் கீழே, பவரைக் குறைத்து, என் பெயர். வாய்விட்டுச் சொல்லத் தைரியமில்லை. எதையும் மைக்ரோஸ்கோப்பில் வைக்காமல் விடாதவள், இதையும் வைப்பாள் என்று நம்பினேன்.

ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். "சூப்பரா வந்திருக்கு. கீழ எவ்ளோ இடம் காலியா இருக்கு பாரு, நீயும் ஏதாவது எழுதியிருக்கலாம்ல?"

"மைக்ரோஸ்கோப்ல பாரேன்."

"ட்ரெயினுக்கு நேரமாச்சுப்பா, அப்புறம் பாக்குறேன்."

கண்ணாடி கைப்பைக்குள் போய்விட்டது.

ஆய்வகத்தை மூடி, லேசரைப் பிரித்து எடுத்துப்போய்விட்டார்கள். அந்த இடத்தில் இப்போது ஃபிளாட்காரர்கள் கார் நிறுத்துகிறார்கள். ஸ்டெல்லாவின் நம்பர் என்றைக்கோ மாறிவிட்டது. நான் இரும்புலியூரில் தனியாக இருக்கிறேன், பழகிவிட்டது என்று சொன்னால் பொய். அந்தக் கண்ணாடி புனேயில் ஏதாவது ஷோகேஸில் இருக்கும். அவளே எடுத்துத் தூசி துடைத்து வைப்பாள். தன் பெயருக்குக் கீழே வெறும் இடம் என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பாள்.